சுவரைச் சுற்றி வந்த சர்வேயர்

ஓய்வுபெற்ற நில அளவையர் கோமதிநாயகம் அண்ணாச்சி கடந்த செவ்வாய்க்கிழமை காலை, சங்கரன்கோவிலில் தம் வீட்டில் காலமானார். இதை எனக்கு முதலில் தெரிவித்தவர் பக்கத்து வீட்டில் விசைத்தறி நடத்தும் சண்முகத்தாய். அவர் போனில் பேசினால் பின்னால் தறிச்சத்தம் இரைந்துகொண்டே இருக்கும். பாதி சொற்கள் வந்து சேராது. அன்று ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. அவர் விஷயத்துக்கு வருமுன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

"தறியை நிப்பாட்டிட்டேன் அண்ணாச்சி. சர்வேயர் அண்ணாச்சி போயிட்டாக."

ஒருவர் மட்டும் சொன்ன செய்தியை அப்படியே எடுத்துக்கொள்வது என் பத்திரிகைத் தொழிலில் வழக்கமில்லை. சாவுச் செய்தியிலும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. வீட்டுக்குப் போய் அண்ணாச்சியின் மனைவி இசக்கியம்மாள் மதினி முன்னால் நின்றேன். நான் கேட்காமலே சொன்னார்.

"ஆமாய்யா. வெள்ளன எந்திரிச்சாக. பைப்பைப் பிடிச்சு பாத்ரூம் போயிட்டு வந்தாக. வந்து படுத்துட்டு, காப்பி கொண்டான்னாக. நான் ஆத்திக் கொண்டாரதுக்குள்ள முடிஞ்சிபோச்சு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "யாரும் தூக்கிவிடலய்யா. இன்னைக்கும் தானாத்தான் எந்திரிச்சாக."

கடைசி வாக்கியத்தில் துக்கத்தைவிடப் பெருமைதான் கூடுதலாகக் கேட்டது. அண்ணாச்சியை அறிந்த உங்களில் பலருக்கு அவர் அளந்து கொடுத்த நிலம் தெரியும். அவர் நட்ட கல் தெரியும். மதினி சொன்ன அந்த பைப்பையும், அது நிற்கிற சுவரையும் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். அவர் வாழ்க்கையின் பெரிய வெற்றி அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஆகையால் அதைப் பதிவு செய்கிறேன்.

எனக்கு அவர் பழக்கமானது பனவடலிசத்திரம் பக்கத்தில் ஒரு குளத்தங்கரையில். குளத்துக்குள் எவ்வளவு தூரம் ஆக்கிரமிப்பு வந்திருக்கிறது என்று செய்தி எழுதப் போயிருந்தேன். அண்ணாச்சி அளவுச் சங்கிலி இழுத்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு உள்ள வந்திருக்கு அண்ணாச்சி?"

"இன்னும் எல்லைக்கல்லைத் தொடல வே."

"தோராயமாச் சொன்னாப் போதும்."

"தோராயமா வேணும்னா அந்தா டீக்கடையில போய்க் கேளும். நாலு பேரு நாலு அளவு சொல்லுவான். எது பிடிக்கோ அதைப் போட்டுக்கிடும்."

காத்திருந்தேன். பொழுது சாயும் நேரத்தில் ஓர் உடைமரத்தின் தூரில் மண்ணைக் கொத்தியபோது பழைய எல்லைக்கல்லின் தலை தெரிந்தது. அண்ணாச்சி குனிந்து அதன் மீது உள்ளங்கையை வைத்தார். நிமிர்ந்தபின்தான் அளவைச் சொன்னார். நான் எழுதிய அந்தச் செய்தியை மறுத்து யாரும் ஒரு வரி அனுப்பவில்லை. அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு முறியாமல் இருந்தது.

இப்படிப்பட்ட மனிதர் ஓர் இடத்தில் மட்டும் கல்லைத் தொடாமலே எல்லை சொன்னார். அது அவருடைய சொந்த வீட்டுச் சுவர்.

அண்ணாச்சியின் வீடும் சண்முகத்தாயின் வீடும் ஒட்டிக் கட்டியவை. இடையில் ஒரே சுவர். நாட்டுச் செங்கலை மண் குழைத்து வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்புக் காரை பூசியது. நல்ல பருமன், ஆனால் உள்ளே உறுதி இல்லை. ஈரம் ஏறி, காரை அப்பளம்போல உப்பி நிற்கும். விரலால் தட்டினால் உதிரும். காலண்டர் மாட்டிய ஆணியே வருஷம் முடியுமுன் கழன்று விழுந்துவிடும். தை மாதம் மதினி புதுக் காலண்டரோடு புது இடமும் தேடுவார்.

சண்முகத்தாயின் கணவர் உயிரோடு இருந்த காலத்தில், நூல் கோன்களை அடுக்குவதற்கு அந்தச் சுவரில் ஒரு தட்டு அடிக்க வந்தார். அண்ணாச்சி தடுத்துவிட்டார். "சுவரு முழுசும் என்னுது. ஒரு ஆணி ஏறக்கூடாது" என்றார். அளந்து பார்க்கலாம் என்று அவர்கள் கேட்டார்கள். "சர்வேயர் வீட்டுச் சுவரை அளக்க எவன் வருவான்?" என்று கேட்டு முடித்துவிட்டார். அதோடு பேச்சும் நின்றது. கோன்கள் தரையிலேயே கிடந்து ஈரம் வாங்கின. கணவர் இறந்தபின் சண்முகத்தாய் தறிகளைக் கூட்டினார். மதிய உறக்கம் போனது என்று அண்ணாச்சி கோபப்பட்டார். அடியில் இரும்புப் பூண் மாட்டிய பழைய அளவுக்கம்பு ஒன்று அவரிடம் இருந்தது. கட்டிலில் படுத்தபடியே அதை எடுத்து, சத்தத்தைக் குறைக்கச் சொல்லிச் சுவரில் இடிப்பார். தினமும் இடிப்பார். அந்த இடத்தில் காரை கொட்டி, செங்கல் தெரிந்து, செங்கல்லும் பொரிந்தது.

"தெனமும் தட்டுதேன், காதுல வாங்குதாளா பாத்தீரா? நெஞ்சழுத்தம்" என்பார் என்னிடம்.

சில வருஷங்களுக்கு முன்பு அவருக்கு இடப்பக்கம் வாதம் கண்டது. திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியபோது பேச்சு கொஞ்சம் குழறியது. இடது காலும் கையும் சொன்னதைக் கேட்கவில்லை. பயிற்சி கொடுக்க வந்த பெண் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே யோசனை சொன்னாள். கட்டிலில் இருந்து பின்கட்டுக் கழிப்பறை வரைக்கும் சுவர் நெடுக, இடுப்பு உயரத்தில் ஒரு கைப்பிடி பைப் வேண்டும். அவர் முழுப் பாரத்தையும் அதில் போடுவார். அது தாங்க வேண்டும். தரையில் கால் நட்டுக் கம்பி போட வழியில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் ஓர் ஆள் போகும் இடம்தான் இருந்தது.

அதுவரை மதினிதான் அவரைத் தூக்கி நிறுத்திக் கழிப்பறைக்குக் கொண்டுபோனார். ஒருநாள் இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். அடி பெரிதில்லை. ஆனால் அன்று முழுவதும் அண்ணாச்சி தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் மறுபடி போக வேண்டுமே.

சென்னையில் இருக்கும் மகன் முருகன் போனில் கண்டிப்பாகச் சொன்னான். "இங்க எல்லாம் கான்கிரீட் சுவருப்பா. எங்க வேணும்னாலும் கம்பி போடலாம். மாசக் கடைசில வண்டி கொண்டுட்டு வாரேன். அதுக்குள்ள உங்க சுவர்ல கம்பி நின்னுதுன்னா இருங்க. இல்லேன்னா ரெண்டு பேரும் கிளம்புங்க."

அண்ணாச்சிக்குச் சென்னை வேண்டாம். அடுக்குமாடியில் யார் நிலம் யாருடையது என்றே தெரியாது என்பது அவர் சொன்ன காரணம். ஊரையும் இந்தக் கட்டிலையும் விட்டுப் போக மனமில்லை என்பது சொல்லாத காரணம். எல்லாம் அந்த பைப் நிற்பதில் இருந்தது.

மேலநீலிதநல்லூரில் இருந்து வேலு கொத்தனார் வந்தார். டிரில்லிங் மிஷினை வைத்தவுடனே அது புட்டுக்குள் போவதுபோலப் போனது. பொடி கொட்டிக்கொண்டே இருந்தது. பிளாஸ்டிக் பிளக்கை வைத்து, திருகை முடுக்கி, எவர்சில்வர் பைப்பை மாட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

கட்டிலில் இருந்து அண்ணாச்சி கேட்டார்: "தொங்கிப் பாத்தியா?"

"இழுத்துப் பாத்தேன் சார். கல்லு மாதிரி நிக்கி."

"இழுத்துப் பாத்தது இருக்கட்டும். தொங்கிப் பாத்தியா?"

வேலு பைப்பைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கினார். அடுத்த கணம் தரையில் உட்கார்ந்திருந்தார். பைப் மடியில் இருந்தது. தலையெல்லாம் சுண்ணாம்பு. மதினி வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

இரண்டாம் முறை துளைகளைப் பெரிதாக்கி, ஜல்லி கலந்த சிமெண்டை அடைத்து, அதில் இரும்பைப் புதைத்தார். நன்றாக இறுகட்டும் என்று காத்திருந்து, பிறகு தொங்கிப் பார்த்தார். சிமெண்டு உருண்டை முழுசாக, கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியதுபோல வெளியே வந்தது. சுவரில் தலை நுழையும் அளவுக்குப் பள்ளம்.

அண்ணாச்சி சிரித்தார். வாதம் வந்தபின் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "சிமெண்டு இரும்பை நல்லாத்தான் பிடிச்சிருக்கு. சுவருதான் சிமெண்டைப் பிடிக்கல."

"இது எதையும் உள்ள பிடிச்சு வைக்காத சுவரு சார்" என்றார் வேலு. "இதுக்குள்ள எதை வச்சாலும் வந்துரும். ஒரே வழிதான். இந்தப் பக்கம் ஒரு பலகை, அந்தப் பக்கம் ஒரு பலகை. குறுக்க போல்ட்டை விட்டு, நடுவுல சுவரை வச்சு இறுக்கணும். சுவரை நம்பக்கூடாது, சுவரை நாம பிடிச்சுக்கிடணும்."

"அந்தப் பக்கம்னா?"

"தறிப்பக்கம்."

சுவருக்கு அந்தப்புறம் தறி ஓடிக்கொண்டிருந்தது. நான் போய்க் கேட்டு வருகிறேன் என்று எழுந்தேன். "நீரு இரும்" என்றார் அண்ணாச்சி. அதற்குள் மதினி பின்வாசலைத் திறந்துகொண்டு முடுக்கு வழியாகப் போய்விட்டார். இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்தக் குறுகிய சந்தில், பெண்கள் இருவரும் இத்தனை வருஷமும் கறிவேப்பிலையும் மோரும் மாற்றிக்கொண்டிருந்தார்கள் என்பது அண்ணாச்சிக்கு மட்டும் தெரியாது.

மதினியோடு வந்த சண்முகத்தாய் வாசலோடு நின்றார், உள்ளே வரவில்லை. தலையில் பஞ்சுத்தூசி. கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"சர்வேயர் அண்ணாச்சி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. சுவரு ஆருது? முழுசும் உங்களுதுன்னா எங்கிட்டக் கேக்க வேண்டியதே இல்ல, துளைச்சிக்கிடுங்க. பொதுன்னா, எனக்கும் அதுல போல்ட் போட உரிமை இருக்குல்லா?"

அண்ணாச்சி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். மதினிதான் பொறுமை இழந்தார்.

"நம்ம ஊரு சாமியே ஆளுக்குப் பாதியாத்தான் நிக்காரு. உங்களுக்கு மட்டும் ஒரு சுவரு முழுசா வேணுமாக்கும்?"

சங்கரனும் நாராயணனும் ஓர் உடம்பில் பாதிப்பாதியாக நிற்கும் ஊரில் இருந்துகொண்டு இதற்கு மறுபேச்சுப் பேச முடியாது. அண்ணாச்சி உதட்டைக் கூட்டி, மெதுவாகச் சொன்னார்: "பொதுச்சுவருதான்."

"கேக்கல. தறி ஓடுதுல்லா" என்றார் சண்முகத்தாய்.

மறுபடி சொன்னார். மறுபடியும் கேட்கவில்லை என்றார். மூன்றாம் முறை அண்ணாச்சி நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார். வாதம் வந்தபின் அவர் குரல் அவ்வளவு தெளிவாக வந்ததில்லை. தெருவில் சைக்கிளில் போனவர் நின்று பார்த்தார்.

"இப்பம் கேட்டுது" என்றபடி சண்முகத்தாய் உள்ளே வந்தார். நேராகச் சுவருக்குப் போய், கட்டிலருகே செங்கல் பொரிந்து கிடந்த இடத்தைத் தடவினார். "மத்த இடமெல்லாம் காரை இருக்கு. இங்கன மட்டும் ஏன் இப்படிக் குதறிக் கிடக்கு?"

மதினி அளவுக்கம்பைக் காட்டினார். "தறிச்சத்தம் தாங்காம ஒன்னயக் கூப்பிட்டுத் தட்டினதுதான். எத்தனை வருசமா."

சண்முகத்தாய் கம்பைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார். "தட்டுனீகளா? எப்பம்? தறி ஓடையில தட்டினா எனக்கு எப்படி அண்ணாச்சி கேக்கும்? ஒருநாளும் கேட்டதில்லையே."

அந்தக் கூடத்தில் அப்போது எழுந்த சிரிப்பை நான் மறக்கவில்லை. வேலு சிரித்தார், மதினி கண்ணில் நீர் வரச் சிரித்தார். அண்ணாச்சிதான் கடைசியாகச் சிரித்தார். "அப்பம் நான் என் வீட்டைத்தான் இடிச்சிருக்கேன்" என்றார்.

துளை எங்கே வெளிவர வேண்டும் என்பதில் ஒரு சிறு போட்டி நடந்தது. தறியின் மோட்டார் இருக்கும் இடத்தில் வந்துவிடக் கூடாது. சண்முகத்தாய் தன் பக்கம் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தார். அண்ணாச்சி இரண்டு வீட்டு வாசற்கால்களில் இருந்தும் டேப் பிடிக்கச் சொல்லி, கட்டிலில் படுத்தபடியே கணக்குப் பார்த்து, இன்னும் கொஞ்சம் மேற்கே ஒரு புள்ளி வைக்கச் சொன்னார். வேலு நீளமான டிரில் பிட்டை விட்டார். நான் தறிக்கூடத்தில் நின்றேன். முதலில் பொடி கொட்டியது. பிறகு இரும்பு முனை எட்டிப் பார்த்தது. அண்ணாச்சியின் புள்ளியின் நடுவில்.

"அளவுல மட்டும் ஆளு சரிதான்" என்றார் சண்முகத்தாய். அதை நான் இந்தப் பக்கம் வந்து சொன்னபோது அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொண்டார்.

இரண்டு பக்கமும் கனமான தேக்குப் பலகைகள். அவற்றின் மேல் இரும்புத் தகடு. குறுக்கே நீளமான போல்ட்டுகள். ஒரே மூச்சில் இறுக்கினால் சுவர் நொறுங்கும் என்று, வேலு ஒவ்வொரு நட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றி முடுக்கினார். தறி அதிர்வில் நட்டு தளராமல் இருக்க ஒன்றின் மேல் இன்னொன்று போட்டார். இந்தப் பக்கப் பலகையில் எவர்சில்வர் பைப். அந்தப் பக்கப் பலகையில், சண்முகத்தாயின் கணவர் அடிக்க முடியாமல் போன நூல் கோன் தட்டு. இரண்டையும் தாங்குவது ஒரே போல்ட்டுகள்.

"தொங்கிப் பாரு" என்றார் அண்ணாச்சி.

வேலு தொங்கினார். பைப் அசையவில்லை.

"நீ ஒல்லி. அந்தா நிக்காரே, பத்திரிகைக்காரரு, அவரு தொங்கட்டும். ரெண்டு ஆளு பாரம் அவருக்கு."

என் எடை ஊருக்குத் தெரிந்ததுதான். பைப்பைப் பிடித்து முழங்காலை மடக்கி, காலைத் தரையில் இருந்து தூக்கினேன். மதினி கண்ணை மூடிக்கொண்டார். மறுபக்கத்தில் இருந்து சண்முகத்தாய் குரல் கொடுத்தார்: "இங்கன ஒண்ணும் ஆடலை."

அப்போதுதான் அண்ணாச்சி பைப்பை நோக்கிக் கையை நீட்டினார்.

முருகன் சொன்னபடி மாதக் கடைசியில் வண்டியோடு வந்தான். பெட்டிகளைக் கட்டச் சொன்னான். அண்ணாச்சி பதில் சொல்லாமல் பைப்பைப் பிடித்து எழுந்தார். சுவரைப் பார்த்து நின்று, நல்ல கையால் பற்றி, இடக்கையையும் மேலே வைத்து, நண்டுபோலப் பக்கவாட்டில் ஓரடி, இன்னோரடி. இடது கால் இழுபட்டுத்தான் வந்தது. முருகன் பிடிக்கப் போனான். மதினி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டார். பின்கட்டு வரை போனார். கதவைச் சாத்தினார். உள்ளே இருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

அந்தத் தாழ்ப்பாள் சத்தத்துக்குச் சமமாக ஒரு வெற்றி முழக்கத்தை, எத்தனையோ தேர்தல் முடிவுகளுக்குப் போய் நின்றும், நான் கேட்டதில்லை. முருகன் திரும்பி நின்றுகொண்டு மூக்கை உறிஞ்சினான். கதவைத் திறந்து வந்த அண்ணாச்சி அவனைப் பார்த்து, "வண்டி சும்மா போகுதேன்னு வருத்தப்படாதலே. அம்மா முறுக்கு சுட்டிருக்கா, ஏத்திக்கோ" என்றார்.

அதன்பிறகு அந்த இரண்டு வீட்டுக்கும் ஒரு வழக்கம் உண்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. அன்று பிற்பகலில் சண்முகத்தாய் ஸ்பானரை எடுத்துத் தன் பக்கத்து நட்டுகளை முடுக்குவார். முடித்ததும் ஸ்பானரால் சுவரில் இரண்டு தட்டு. இந்தப் பக்கம் அண்ணாச்சி பைப்பில் முழுப் பாரத்தையும் போட்டுப் பார்ப்பார். ஆடாவிட்டால் அளவுக்கம்பால் பலகையில் இரண்டு தட்டு. ஆடினால் ஒரு தட்டு. சண்முகத்தாய் மறுபடி முடுக்குவார். சண்டைக்குத் தட்டிய அத்தனை வருஷமும் கேட்காத சத்தம், தறி நின்ற நாளில் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. "இப்பம் என்ன தட்டினாலும் காதுல வாங்குதா பாத்தீரா?" என்று என்னிடம் பெருமையாகச் சொல்வார்.

ஆடி வந்தது. ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்று மதினி கோயிலுக்குக் கிளம்பினார். அண்ணாச்சிக்காகக் கோயிலை ஆடிச்சுற்றுச் சுற்றுவதாக நேர்ந்திருந்தார்.

"நீ கோயிலைச் சுத்து. நான் இங்கன சுவரைச் சுத்துதேன்" என்றார் அண்ணாச்சி.

"சுவரை எப்படிச் சுத்துவீக? அந்தப் பக்கம் சண்முகத்தாய் வீடுல்லா? நீங்க போறதும் வாரதும் பாதிதான்."

அந்தச் சொல் அவருக்குத் தைத்துவிட்டது. ஒன்றை அளக்க இறங்கினால் பாதியில் விடுகிற ஆள் இல்லை அவர். பைப்பில் நடந்தவர் அடுத்து ஊன்றுகோலில் கூடத்தில் நடந்தார், பிறகு வாசல்படி. அடுத்த ஆடியில், தபசுக் காட்சி அன்று காலை எனக்கு ஆள் அனுப்பினார். ஊரே கோயில் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அண்ணாச்சி வெள்ளை வேட்டி, திருநீறு, கையில் ஊன்றுகோல். முன்வாசல் இறங்கினார். எதிர்த்திசையில் கூட்டம் போக, இவர் பக்கத்து வீட்டு வாசலுக்குத் திரும்பினார்.

சண்முகத்தாய் வாசலில் நின்றார். "சர்வேயர் அண்ணாச்சி, எல்லை தாண்டுதீக."

"உன் பாதி எப்படி இருக்குன்னு பாக்க வாரேன்."

அந்த வீட்டுக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல்முறை. தறிகள் நின்றிருந்தன. தட்டில் கோன்கள் வெள்ளை வெளேரென்று, ஈரமில்லாமல் அடுக்கியிருந்தன. ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு, தட்டின் இரும்பு விளிம்பைப் பிடித்து, சுவரைப் பார்த்து, அதே நண்டு நடை. ஒவ்வொரு போல்ட் வரும் இடத்திலும் நின்று நட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். குளத்தங்கரையில் கல்லின் தலையில் வைத்த அதே கை. கடைசி நட்டைத் தொட்டுவிட்டுச் சொன்னார்: "சரியாத்தான் இருக்கு வே. பாதிப்பாதி."

பின்வாசல் வழியாக முடுக்கில் இறங்கி, தம் வீட்டுப் பின்கட்டில் ஏறினார். மதினி அப்போதுதான் கோயிலில் இருந்து வந்து நின்றார். கையில் கோயில் பிரசாதமான புற்றுமண்.

"எங்க போயிட்டு வாரீக?"

"சுத்தி முடிச்சிட்டேன்" என்றார் அண்ணாச்சி. "நீ?"

மதினி புற்றுமண்ணை எடுத்து அவர் நெற்றியில் பூசினார். ஒவ்வோர் ஆடியிலும் அண்ணாச்சி சுவரைச் சுற்றினார். சென்ற ஆடியிலும் சுற்றினார். நான் கூடப் போனேன்.

அவரிடம் இருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு கேள்வி. மாலை நேரத்தில் அவர் கட்டிலருகே உட்கார்ந்து அன்றைய செய்தியைச் சொல்வேன். முழுதும் கேட்டுவிட்டு, "தொங்கிப் பாத்தீரா?" என்பார். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் ஒரு மாலைப் பேருந்தை நிறுத்திவிட்டார்கள் என்று ஒருமுறை பலர் சொன்னார்கள். எல்லோரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். அண்ணாச்சி கேட்டார். நான் போய் நிறுத்தத்தில் நின்றேன். பேருந்து வந்தது, தாமதமாக, ஆனால் வந்தது. இழுத்துப் பார்த்தால் நிற்கிற செய்திகள் ஆயிரம் இருக்கும். முழுப் பாரத்தையும் போட்டால் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. இனி அதைக் கேட்க அவர் இல்லை; நானே கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கட்டுரையின் ஒவ்வொரு வரியையும் மதினியிடமும் சண்முகத்தாயிடமும் வாசித்துக் காட்டியே கொடுக்கிறேன். "நெஞ்சழுத்தம்" என்று வரும் இடத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும் அண்ணாச்சி, அவுக சொன்னதுதானே" என்றார் சண்முகத்தாய்.

முடிவாகாமல் இருப்பது ஒன்று. தன்னோடு சென்னைக்கு வந்துவிடும்படி முருகன் மறுபடியும் அம்மாவைக் கேட்டிருக்கிறான். வேலு கொத்தனார் துக்கம் கேட்க வந்தபோது, பைப்பைக் கழற்றுவதா என்று தயங்கித் தயங்கி விசாரித்தார். மதினி இருவருக்கும் பதில் சொல்லவில்லை. சண்முகத்தாய் தறியை நாளை மறுநாள் திங்கட்கிழமைதான் மறுபடி ஓட்டுகிறார். நாளை ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வழக்கம்போல நட்டு முடுக்கி, சுவரில் தட்டுவேன் என்று என்னிடம் உறுதி சொன்னார். இந்தப் பக்கத்தில் இருந்து பதில் வருமா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இன்று மாலை நான் கிளம்பும்போது மதினி கட்டிலுக்கு அடியில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன்.

"அந்த அளவுக்கம்பை எங்க வச்சாகளோ, காணல. நாளைக்கு வேணும்" என்றார்.